புளிப்புக் காவல்

தேர் இருப்புக்கு வந்து, காவடிகள் இறங்கி, ஜேர்மனியின் ஹம்-ஊன்ட்றொப் தெருவில் சிதறிக் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பெடியள் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அன்னதானப் பந்தலில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். "பிள்ளை, இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். மகன் விளம்பரம் எண்டிட்டான். ஆனா எறிய மனம் வரேல்லை."

விளம்பரம் இல்லை. காப்புறுதி நிறுவனத்தின் கடிதம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்கு வரலாம் என்று டொச் மொழியில் இரண்டு பக்கம், கூடவே ஒரு கைநூல். ஜேர்மனியில் 2020 ஜனவரியிலிருந்து, 20 வயது தொடக்கம் 65 வயது வரையான பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கொரு தடவை இப்படிக் கடிதம் போகிறது. அம்மாவுக்கு வயது 61. கிழக்கு பேர்லின் வழியாக எண்பதுகளில் வந்தவர்.

விசயத்தைச் சொன்னதும் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். "எனக்கு உதெல்லாம் வராது பிள்ளை. நான் அவரோடை மட்டும்தான் வாழ்ந்தனான்." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு நாளும் உள்ளுக்கெல்லாம் மருந்துத் தண்ணியாலை கழுவுறனான். பிறகென்னெண்டு கிருமி வரும்?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு காரணங்களும் மனதில் கிடந்தன. ஒழுக்கமாக இருந்தேன், சுத்தமாக இருக்கிறேன். நம் பெண்களில் எத்தனையோ பேர் இந்த இரண்டையும் நம்பித்தான் பரிசோதனைக்குப் போகாமல் இருக்கிறார்கள். இரண்டுமே பிழை. முதலாவது பிழை என்பதை வைத்தியர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி, கழுவக் கழுவ அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி, தமிழில் பேச்சே இல்லை. அதற்கு ஒரு காரணம், அந்த உறுப்பின் பெயரையே நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'கீழே', 'அந்த இடம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரையில் யோனி என்றே எழுதுகிறேன்.

டோடர்லைனின் குச்சிகள்

கதை தொடங்குவது ஜேர்மனியில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பெற்ற பெண்கள் பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியர்கள் கை கழுவினாலே சாவு குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் காட்டியும், நம்பப் பல காலம் எடுத்தது. கிருமி எங்கிருந்து வருகிறது? வைத்தியரின் கையிலிருந்தா, பெண்ணின் உடலுக்குள்ளிருந்தா? லைப்சிக் நகரில் இருந்த அல்பேர்ட் டோடர்லைன் என்ற பெண்நோய் மருத்துவர் யோனியின் கசிவை எடுத்து நுண்காட்டியில் பார்த்தார். 1892இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

நலமான பெண்களின் கசிவில் அவர் கண்டது சின்னச் சின்னக் குச்சிகள். கிருமிதான், ஆனால் நோயில்லை. அந்தக் குச்சிகள் இருந்த கசிவு புளித்தது. வளர்ப்பு ஊடகத்தில் அவற்றை வளர்த்து, சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகளோடு சேர்த்துப் பார்த்தபோது, புளிப்பில் அந்தக் கெட்ட கிருமிகள் வளரவில்லை. டொச் மருத்துவத்தில் இன்றைக்கும் அவற்றுக்குப் பெயர் 'டோடர்லைன் குச்சிகள்'. உலகம் லக்டோபசிலஸ் என்கிறது.

உறைமோர் விட்டுப் பால் தோய வைத்த எவருக்கும் இது புதிதில்லை. ஒரு கரண்டி உறைமோர் விழுந்தால் விடிவதற்குள் பால் தயிராகிறது. நல்ல தயிரில் வேறு கிருமி எளிதில் குடியேறாது, அந்தப் புளிப்பே அதற்குக் காவல். பாலைத் தயிராக்கும் பக்டீரியாவும் யோனியில் குடியிருக்கும் இந்த பக்டீரியாவும் ஒரே பரம்பரைச் சொந்தக்காரர்கள். இரண்டும் செய்வது லக்டிக் அமிலம்.

யோனியில் பாலுக்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெண் பூப்பெய்தியதும் ஈஸ்ட்ரஜன் சுரப்பு கூடுகிறது. அதன் சொற்படி யோனிச் சுவரின் செல்கள் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தைச் சேர்த்து வைக்கின்றன. செல்கள் உதிரும்போது அந்த மாச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது, லக்டோபசிலஸ் அதைத் தின்று அமிலம் ஆக்குகிறது. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்றால் நடு. நலமான யோனியில் அது 3.5க்கும் 4.5க்கும் இடையில் நிற்கும். தயிரின் புளிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைகிறது, மாச்சத்து குறைகிறது, இந்தக் குச்சிகளும் பலருக்குக் குறைந்து போகின்றன. பந்தலில் சந்தித்த அம்மாவின் வயதில் காவல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதன் மேல்தான் தினமும் மருந்துத் தண்ணீர்.

டோடர்லைன் ஒரே ஒரு குச்சியைக் கண்டதாக நினைத்தார். அது ஒரு குடும்பம் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஜாக் ராவெல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, 2011இல் 396 பெண்களின் யோனிக் கசிவை மரபணு வரிசை கொண்டு படித்தது. ஐந்து வகைக் குடியிருப்புகள் தெரிந்தன. நாலில் லக்டோபசிலஸ் குடும்பத்தின் ஏதாவது ஓர் அங்கத்தவர் ஆட்சி. கிறிஸ்பாட்டஸ் என்ற இனம் ஆளும் குடியிருப்பு மிக உறுதியானது. இனர்ஸ் என்ற இனம் ஆளும் இடம் அவ்வளவு நம்பத் தகாதது, இன்றைக்கு இப்படி நாளைக்கு அப்படி என்று மாறும். ஐந்தாவதில் தலைவரே இல்லை. ஒட்சிசன் இல்லாமலே வாழக்கூடிய கார்ட்னரெல்லா, பிரெவோட்டெல்லா போன்ற பல சாதிக் கிருமிகள் கூடி இருக்கும், புளிப்பும் குறைந்திருக்கும். இது மிஞ்சினால் மீன் நாற்றத்தோடு வெள்ளைபடுதலாக வரும். ஒன்றுமே தெரியாமலும் பலருக்கு இருக்கும்.

அந்த ஆய்வில் ஒரு பட்டியல் இருக்கிறது. வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், ஆசியர் என்று நாலு பெட்டி. ஆசியப் பெண்களில் எண்பது வீதமானோருக்கு லக்டோபசிலஸ் ஆட்சி, கறுப்பினப் பெண்களில் அறுபது வீதம் அளவில். சீனப் பெண்ணும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் ஒரே பெட்டிக்குள்! இன்னோர் ஆய்வு என் மனதில் நிற்பது அதன் முறைக்காக. பெல்ஜியத்தில் அன்ட்வேர்ப் பல்கலைக்கழகத்தின் சாரா லெபேர் 2020இல் தொடங்கிய 'இசலா' திட்டத்தில் 3,345 பெண்கள் வீட்டிலேயே தாங்களாகப் பஞ்சுக் குச்சியில் கசிவை எடுத்து அனுப்பினார்கள். அந்த நாட்டின் முதல் பெண் வைத்தியர் இசலா வான் டீஸ்டின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தார்கள். தாதி வேண்டாம், கட்டில் வேண்டாம், முன்பின் தெரியாத வைத்தியர் முன் காலை விரிக்க வேண்டாம். நம் பெண்களைப் பரிசோதனையிலிருந்து தள்ளி வைப்பது பாதி இந்தக் கூச்சம்தான் என்பது என் எண்ணம்.

கெல்சன்கிர்ஹன்காரர்

ஊன்ட்றொப்பிலிருந்து மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் போனால் கெல்சன்கிர்ஹன். ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். அங்கே 1936இல் பிறந்தவர் ஹரால்ட் சூர் ஹவுசன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெர்ப்பீஸ் வைரஸ் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், இல்லை, மரு உண்டாக்கும் பப்பிலோமா வைரஸ் குடும்பத்தில் தேட வேண்டும் என்று சொன்னவர். 1974இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னபோது சபை காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1983இல் அவருடைய குழு 16ஆம் எண் வைரஸைப் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது, அடுத்த ஆண்டு 18ஆம் எண். உலகில் இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 வீதத்துக்கு இந்த இரண்டு எண்களே பொறுப்பு. 2008இல் நோபல் பரிசு வந்தது. 2023 மே மாதம் காலமானார்.

எச்.பி.வி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த வைரஸில் 200க்கு மேல் வகை. புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியவை ஒரு பதினாலு. உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றும். ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும். அந்த ஒருவருக்குத் திருமணத்துக்கு முன் எங்கோ தொற்றியிருக்கலாம், தொற்றினது அவருக்கே தெரியாது. தடுமனைப் போல இது ஒரு தொற்று. ஒழுக்கத்துக்கு யாரும் கொடுக்கும் சான்றிதழ் இல்லை. வந்ததில் பத்துக்கு ஒன்பது இரண்டு ஆண்டுக்குள் உடம்பே விரட்டிவிடும். விரட்டாமல் தங்கினவர்களுக்குத்தான் ஆபத்து. அதுவும் பதினைந்து, இருபது ஆண்டு எடுத்து, மெல்ல மெல்ல.

அப்படியானால் யாருக்குப் போகிறது, யாருக்குத் தங்குகிறது? டோடர்லைனும் சூர் ஹவுசனும் சந்திக்கிற இடம் இந்தக் கேள்வி.

அமெரிக்காவில் 32 பெண்கள் வாரத்துக்கு இரண்டு தடவை, பதினாறு வாரம் தாங்களே கசிவெடுத்துக் கொடுத்தார்கள். லக்டோபசிலஸ் காசெரி என்ற இனம் ஆண்ட பெண்களில் வைரஸ் விரைவாகப் போனது. தலைவர் இல்லாத குடியிருப்பில் அது மெதுவாக நகர்ந்தது. 2014இல் வந்த இந்த ஆய்வு சின்னது. 32 பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. அடுத்த ஆண்டு இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அனிதா மித்ராவின் குழு, கருப்பைக் கழுத்துச் செல்களில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் கண்ட பெண்களைப் படித்தது. நலமான பெண்களில் பத்தில் ஒருவருக்கு லக்டோபசிலஸ் குறைந்த குடியிருப்பு இருந்தது. மாற்றம் கடுமையாக இருந்தவர்களில் அது நாலில் ஒருவருக்கு மேல். அதே குழு 2020இல் இன்னொன்றைக் காட்டியது. நடுத்தரமான மாற்றம் கண்டு, வெட்டி எடுக்காமல் பொறுத்துப் பார்த்த பெண்களில், லக்டோபசிலஸ் நிறைந்தவர்களுக்கு மாற்றம் தானாக மறைவது கூடுதலாக இருந்தது.

புளிப்பு வைரஸைக் கொன்றுவிடுகிறது என்று நினைத்தால் பிழை. எச்.பி.வி. கொழுப்புறை இல்லாத வைரஸ், பிடிவாதமானது. எச்.ஐ.வி.யை வாட்டும் அமிலம் இதை அவ்வளவு வாட்டாது. காவல் வேறு வழியில் நடக்கிறது. இந்த வைரஸுக்குத் தோலின் அடித்தளச் செல்கள் வேண்டும், அங்கே இறங்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் வேண்டும். நல்ல குடியிருப்பில் மேலே சளிப்படலம் தடிப்பாக இருக்கும், சுவர் முழுதாக இருக்கும், அழற்சி இருக்காது. தலைவர் இல்லாத இடத்தில் சில கிருமிகள் அந்தச் சளியையே கரைக்கும் நொதிகளை விடுகின்றன. சுவர் பலவீனமாகிறது. சிறு நெருப்புப் போல அழற்சி நாளும் எரிகிறது. வைரஸ் இறங்கவும் தங்கவும் அது வசதி.

இங்கே ஒரு முடிச்சு. கிருமிக் கூட்டம் கெட்டதால் வைரஸ் தங்குகிறதா, வைரஸ் தங்கியதால் கூட்டம் கெடுகிறதா? பெல்ஜியத்தின் லியேஜ் ஆய்வாளர்கள் 2022இல் சொன்னது இரண்டாவது பக்கத்துக்குச் சாட்சி. நம் உடம்பு சுரக்கும் சில காவல் புரதங்களை லக்டோபசிலஸ் உணவாகவும் எடுத்துக்கொள்கிறது. எச்.பி.வி. அந்தப் புரதங்களின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. குச்சிகள் பட்டினி. திருடன் வீட்டுக்குள் வந்து முதலில் நாயின் சோற்றை நிறுத்துகிறான். ஆக இரண்டு பக்கமும் ஓடுகிற தெரு இது.

இவ்வளவையும் படித்த பிறகு அந்த அம்மாவின் மருந்துத் தண்ணீரை யோசித்துப் பாருங்கள். திருடன் வரக்கூடாது என்று அவர் தன் கையால் நாயை அடித்துத் துரத்திக்கொண்டிருக்கிறார். உள்ளே கழுவுவதற்கும் காவல் கிருமி குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் பல தடவை காட்டிவிட்டன. வைத்தியர்கள் உலகெங்கும் சொல்வது ஒன்றே: வெளிப்புறம் வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் வேண்டாம். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. ஆனால் மாதவிடாயைத் துடக்கு என்று பழக்கி, கோயிலுக்குப் போகுமுன் எத்தனை தடவை கழுவினாலும் போதாது என்ற எண்ணத்தை ஏழு வயதிலேயே ஊட்டி வளர்த்த சமூகம் நாம். வாசனைத் திரவம் விற்கிறவர்கள் அந்த எண்ணத்தின் மேல் கடை போட்டிருக்கிறார்கள். அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தயிரும் வினிகரும்

சரி, தயிர் சாப்பிட்டால் போதுமா? போதாது. தயிர் வயிற்றுக்கு நல்லது, அவ்வளவுதான். உள்ளே பூசும் வேலையும் வேண்டாம். ஜேர்மன் மருந்துக் கடைகளில் டோடர்லைனின் பெயரிலேயே குளிசை கிடைக்கிறது. எச்.பி.வி.யை அது விரட்டும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. நம்பிக்கை தரும் சில செய்திகள் உண்டு. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துர்நாற்றத்தோடு வெள்ளைபட்ட பெண்களுக்கு முதலில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, பிறகு உயிருள்ள கிறிஸ்பாட்டஸை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் 30 வீதமானவர்களுக்குத்தான் நோய் திரும்பியது. உயிர்க் கிருமி இல்லாத போலி மருந்து கிடைத்தவர்களில் 45 வீதம். 2025இல் வெளியான ஆய்வில் மெல்பேர்ன் ஆய்வாளர்கள் இதே நோய்க்கு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுக்காமல் கணவனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். மனைவிக்கு மட்டும் கொடுத்தபோது 63 வீதம் திரும்பி வந்த நோய், இருவருக்கும் கொடுத்தபோது 35 வீதமாகக் குறைந்தது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோசம். காலங்காலமாகப் 'பெண் வருத்தம்' என்று ஒதுக்கிய ஒன்றில் ஆம்பிளைக்கும் குளிசை.

இவை எல்லாம் வெள்ளைபடும் நோயைப் பற்றியவை, புற்றுநோயைப் பற்றியவை இல்லை. புற்றுநோயைத் தடுக்க நமக்கு நிச்சயமாகத் தெரிந்தவை இரண்டே: தடுப்பூசி, பரிசோதனை.

பரிசோதனைக்கு ஜேர்மனி போன்ற பணக்கார நாடும் வேண்டாம் என்று காட்டியது நம் திண்டுக்கல். மாவட்டக் கிராமங்களில், அம்பிளிக்கை ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. தமிழ்நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொல்லும் இதே நோய்க்குத்தான். பயிற்சி பெற்ற தாதியர் கருப்பைக் கழுத்தில் நாலு வீத வினிகர் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும், அங்கேயே சிகிச்சை. பரிசோதனைக்கு ஒதுக்கிய கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள். ஒரே ஒரு தடவைப் பார்வைதான். 2007இல் முடிவு வெளியானபோது, புற்றுநோய் வருவது 25 வீதமும் சாவு 35 வீதமும் குறைந்திருந்தன. அப்படியிருந்தும் இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 80,000 பெண்கள் இதில் இறந்தார்கள். வினிகருக்குக் குறைவில்லை.

இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகங்கள் பெண்களுக்காக நடத்தும் வெல் வுமன் கிளினிக்குகள் 1996இலிருந்து நடக்கின்றன, 2017இலிருந்து பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. ஊரில் இருக்கும் அக்காவின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட்டிருப்பார்கள். ஹம்மிலும் டோர்ட்முண்டிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு நாமாக வைத்தியரிடம் கூட்டிப் போனால்தான் உண்டு. ஜேர்மனியில் 2007இலிருந்து பெண் பிள்ளைகளுக்கும் 2018இலிருந்து ஆண் பிள்ளைகளுக்கும் பரிந்துரை, இப்போது 9 முதல் 14 வயதுக்குள். காப்புறுதி காசு கட்டும். இருந்தும் 15 வயதுப் பெண் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் முழுதாகப் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையில் இந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைந்தது என்று 2021இல் வந்த கணக்குச் சொல்கிறது.

அந்த அம்மாவுக்கு ஊசி வயது போய்விட்டது. பரிசோதனை வயது போகவில்லை. 35 வயதுக்கு மேல் மூன்று ஆண்டுக்கொரு தடவை செல் பரிசோதனையும் எச்.பி.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள், 20 முதல் 34 வரை ஆண்டுதோறும் செல் பரிசோதனை. கடிதம்தான் 65 வயதோடு நிற்கும், பரிசோதனைக்கு வயது எல்லை கிடையாது. சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி உள்ளவருக்கு ஒரு சதமும் செலவில்லை. 'வைரஸ் இருக்கிறது' என்று முடிவு வந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை, கணவரைச் சந்தேகிக்கவும் அது காரணமில்லை. திரும்பப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

பந்தலில் இருந்து எழும்பும்போது அவரிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பாயசம் வந்துவிட்டது, பக்கத்தில் ஆண்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். என் தொலைபேசி எண்ணைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எடுத்தார். "பெண் டொக்டரா பார்த்துச் சொல்லும் பிள்ளை. நீரும் வரவேணும்." நேரம் கேட்டுப் பதிந்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேலோ மேசை லாச்சிக்குள்ளோ கிடக்கும். இன்றைக்கு அதை எடுத்து, அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மகனாக இருந்தாலும் பரவாயில்லை, வாசியுங்கள்.